பழைய கெர்னல்

தொண்ணூறுகளின் கடைசியில், ஏற்காட்டுப் பள்ளி ஒன்றின் லினக்ஸ் கணினியில் புதிய கெர்னல் போடப் போயிருந்தேன். கணினியை இயக்கும் மைய நிரல் அது; பழுதானால் கணினியே எழும்பாது.

"ஏனுங்க, ஓடிட்டிருக்கற பழசைக் காப்பி எடுத்து வெச்சுட்டீங்களா?" என்று கேட்டார் அலுவலகத்தில் வேலை பார்த்த ஸ்டெல்லா.

"அதெல்லாம் ஆச்சும்மா" என்றேன். உண்மையில், பழையதன் மேலேயே புதியதை எழுதியிருந்தேன்.

கணினி எழும்பவில்லை. மதிப்பெண் பட்டியலுக்காக எஸ்டேட்டிலிருந்து வந்த பெற்றோர் வராந்தாவில் குடையோடு நின்றார்கள். தலைமையாசிரியையான கன்னியாஸ்திரி காரணம் கேட்டார்.

"யாரோ நடுவுல ஸ்விட்சை அணைச்சிருக்காங்க" என்றேன். அறையில் என்னைத் தவிர ஸ்டெல்லா மட்டுமே இருந்தார்.

"என்ற கைதான் தெரியாமப் பட்டிருக்குமுங்க சிஸ்டர், மன்னிச்சுக்கங்க" என்றார் ஸ்டெல்லா. என் பொய்யை அவரே நம்பிவிட்டார். நான் வாய் திறக்கவில்லை.

இன்று பழைய கெர்னலைப் பத்திரப்படுத்தாமல் எதையும் தொடுவதில்லை. ஜாக்கிரதையான ஆள் என்று பாராட்டுகிறார்கள். அப்போதும் நான் வாய் திறப்பதில்லை.