லோகம்மா அக்காவின் கொடி ரோஜா

லோகம்மா அக்கா இன்று விடியற்காலையில் செத்துப்போய்விட்டாள். இறைவனடி சேர்ந்தாள் என்றெல்லாம் எழுத எனக்கு மனசு வரவில்லை.

திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். தொண்ணூறுகளின் கடைசி.

ஷிப்ட் முடிந்தாலும் அக்கா கிளம்பமாட்டாள்... அவள் மகன் முரளி அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போயிருந்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே நம்பர் அந்த பூத் நம்பர்தான்.

போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பள்ளிப்பட்டில் இருந்து அவன் கொண்டுவந்து நட்டதுதான் அந்தக் கொடி ரோஜா. அக்கா பழைய புடவையைக் கிழித்துக் கிழித்துக் கட்டி, வீட்டு மாடிப்படிக் கம்பி முழுக்க ஏற்றிவிட்டாள். பூத்தால் தெருவே மணக்கும்.

ஆனால் வேண்டுதல்... முரளி திரும்பி வரும்வரை அந்தச் செடியின் பூ எல்லாம் மலைக்கு, முருகனுக்கு.

சாமிக்குப் போகிற பூவை முகர்ந்து பார்க்கக் கூடாது இல்லையா. முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டுதான் பறிப்பாள். கொள்ளைக்காரி மாதிரி இருக்கிறாய் என்று கிண்டல் செய்வேன்.

"மீன் கழுவின தண்ணி ஊத்துக்கா, இன்னும் நல்லா பூக்கும்" என்றேன் ஒருநாள்.

"முருகனுக்குப் போற பூவுக்கு கவுச்சித் தண்ணியா? ஏன்டி, நான் வேண்டிகினு கீறது உனுக்கு வெளாட்டா?"

உதிர்ந்த பூ சாமிக்கு ஆகாதே, அதையாவது எடுத்து முகர்ந்து பாரேன் என்றால்... "முரளி வரட்டும்டி. அப்பறம் ஆசை தீர மோந்து பாக்கறேன்."

எல்லோர் கையிலும் செல்போன் வந்தது. பூத்தை மூடினார்கள். "அப்போ அந்த நம்பர் இனிமே அடிக்கவே அடிக்காதாடி?" என்று கேட்டாள்.

முரளி வரவில்லை. இன்றும் வரவில்லை. எந்த ஊருக்கு, யாரிடம் சொல்லி அனுப்புவது?

முருகா, உனக்கு எத்தனை பூ கொடுத்தாள்! எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

மதியம் அக்கா வீட்டுக்காரர் செடியில் இருந்த அத்தனை பூவையும் பறித்து வேட்டி மடியில் அள்ளிக்கொண்டு வந்தார். தலைமாட்டில் உட்கார்ந்து, ஒரு பூவை அவள் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"லோகு... வேண்டிகினது போதும்மே. இன்னிக்காவது மோந்து பாருமே."

மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள்.

போ அக்கா... இனிமேல் யாருக்காகவும் காத்திருக்காதே.