உப்பில்லாத பப்படம்

திருவனந்தபுரத்தில் என் கையால் சாப்பிடாத வியாதி கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, நாகர்கோவிலில் பஸ் ஏறி வந்தவன் நான். தம்பானூரில் ஒரு ஓட்டலில் மாவாட்டத் தொடங்கினேன். பத்து வருடத்துக்குள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சமையல்கட்டுக்குத் தலைவன் ஆகிவிட்டேன். யாருடைய சிபாரிசும் இல்லை, என் சாம்பார்தான் சிபாரிசு. இதைத் தற்பெருமை என்கிறாள் என் மருமகள். நடந்ததைச் சொல்வது எப்படித் தற்பெருமை ஆகும்?

எழுபதுகளின் நடுவில் அங்கே டயட்டீஷியன் என்று ஒரு அம்மா வேலைக்கு வந்தார். கரமனை அக்ரகாரத்துப் பெண். மெட்ராஸில் படித்தவர். இருபத்தைந்து வயது இருக்கும். அதுவரை நோயாளியின் சீட்டில் டாக்டர்மார் 'லைட் டயட்' என்று ஒரே வரி எழுதுவார்கள். எங்களுக்கு அதன் அர்த்தம் கஞ்சியும் பயறும். சர்க்கரை வியாதிக்கும் கஞ்சி, குடல் புண்ணுக்கும் கஞ்சி, பிள்ளை பெற்றவளுக்கும் கஞ்சி. இந்த அம்மா வந்த மறுநாளே தராசும் கையுமாக என் சமையல்கட்டுக்குள் நுழைந்தார்.

"அண்ணாச்சி, சர்க்கரைக்காரா தட்டுல பாதி காய்கறி இருக்கணும். பருப்பு இருக்கணும். சாதம் மட்டும் நூத்தம்பது கிராம், எடை போட்டுப் போடுங்கோ."

"எனக்குக் கண்ணுதான் தராசு அம்மா."

"அப்படியா? கண்ணால ஒரு தட்டு போடுங்கோ, பாப்போம்."

ஒரு கரண்டி எடுத்துப் போட்டேன். தராசில் வைத்தார். முள் நூற்றைம்பதில் போய் நின்றது. அந்த அம்மா முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னொரு தட்டு போடச் சொன்னார். அதுவும் இம்மி பிசகவில்லை.

"சரி, தராசு மத்தவாளுக்கு" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் மரியாதை.

மூலையில் தனி அடுப்பு போட்டு, தனிப் பாத்திரம் வாங்கி, 'டயட் கிச்சன்' என்று பெயரும் வைத்தார். ஆனால் பெரிய டாக்டருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. மருந்து பாதி, சாப்பாடு பாதி என்று அந்த அம்மா பேசுவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் எங்கள் எல்லோர் முன்னாலும் வைத்துச் சொன்னார்:

"ஹார்ட் வார்டில் ஒரு பஸ் கண்டக்டர் உண்டு. கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. மருந்து நான் கொடுக்கறேன். உங்க உப்பில்லாச் சாப்பாட்டையும் கொடுங்க. ரெண்டாழ்ச்சை, பதினாலு நாளைக்குள்ள நீர் வத்தணும். இல்லேங்கில் இந்த அடுப்பை அணைச்சிட்டு நீங்க ஆபீஸில் போய் ஃபைல் நோக்கலாம்."

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "வத்தும் டாக்டர்" என்று மட்டும் சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த அடுப்பில் சமைப்பவன் நான். அது தோற்றால் நான் தோற்ற மாதிரி.

கண்டக்டர் நல்ல ரசிகர், வாயும் அதிகம். முதல்நாள் சாப்பாட்டை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"எந்தா அண்ணாச்சி இது? சோறா, பஞ்சா?"

"உப்பைத்தான் காணும். ருசி எல்லாம் உண்டு. தின்னு பாரும்."

"உப்பைக் காணாத்த எடத்துல ருசி எங்ஙனெ வரும்? டிக்கெட் எடுக்காத ஆளை நான் பஸ்ஸில் ஏத்தாறில்ல."

எலுமிச்சை பிழிந்தேன். நல்லமிளகு இடித்துப் போட்டேன். சின்ன வெங்காயத்தைச் சுட்டு அரைத்துப் போட்டேன். பாதித் தட்டு இறங்கியது. மீதி இறங்க ஒன்றுதான் குறை என்று அவரே சொன்னார்: பப்படம். இந்த ஊரில் சோறும் பருப்பும் போட்டு, மேலே பப்படத்தைக் கையால் நொறுக்கினால்தான் சாப்பிட உட்கார்ந்த நினைப்பே வரும். ஆனால் பப்படத்தில் உப்பு இருக்கிறதே! எனக்கு அது தெரியாதா? வேறு சமையல்காரன் என்றால் அங்கேயே விட்டிருப்பான். நான் நேரே சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் பப்படக்காரச் சேச்சியிடம் போனேன்.

"உப்பில்லாத பப்படமோ? அண்ணாச்சிக்குத் தலைக்கு வட்டு பிடிச்சோ?"

"ஆஸ்பத்திரிக்குச் சேச்சி. உப்பு ஒரு பொடி கூடக் கூடாது."

"பின்னெ பொங்காது. தோலு மாதிரி கிடக்கும்."

"காரத்தைக் கூட்டிப் போட்டா பொங்குமா?"

காரம் என்பது பப்படக்காரம். பொரியும்போது மாவைக் குமிழாக எழுப்பும் பொடி, ஆப்பச் சோடாவுக்கு உறவு. சேச்சி யோசித்தாள். "பொங்கும்" என்றாள். இரண்டு பங்கு காரம் போட்டு இடித்துத் தந்தாள். எண்ணெயில் போட்டதும் பூரி மாதிரி எழுந்தது பாருங்கள், சேச்சியே மூக்கில் விரலை வைத்தாள்.

எண்ணெயில் பொரித்தது என்று அம்மா முகம் சுளிப்பார். அதனால் அவர் தட்டைப் பார்த்து அனுப்பிய பிறகு, நானே இலையில் சுற்றி வார்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மதியம் மூன்று, சாயங்காலம் இரண்டு. ஆள் குணமானதும் ரகசியத்தை உடைத்து எல்லோரையும் அசத்தலாம் என்று திட்டம். தட்டு கழுவிவைத்த மாதிரி திரும்பி வந்தது.

"எப்படி அண்ணாச்சி சாப்பிட வெச்சேள்?" என்று அம்மா ஆச்சரியப்பட்டார்.

"கைராசி அம்மா" என்றேன்.

தினமும் காலையில் கண்டக்டரை எடை போடுவார்கள். நீர் வற்றினால் எடை இறங்க வேண்டும். இறங்கவில்லை. பதினோராம் நாள் அம்மா வந்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் மூணே நாள் அண்ணாச்சி. எங்க தப்புன்னே தெரியலை. எல்லாம் சரியாத்தான் பண்றோம். அடுப்பை அணைச்சுடுவார்."

எனக்குப் பொறுக்கவில்லை. தைரியம் சொல்ல நினைத்தேன்.

"உங்க மேல ஒரு குத்தமும் இல்ல அம்மா. நம்ம கட்டுல உப்பு ஒரு துளி உள்ள போவல்ல. பப்படத்தைக்கூட உப்பில்லாம இடிக்கச் சொன்னவன் நான்!"

"எந்தப் பப்படம்?"

பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். சேச்சி மூக்கில் விரல் வைத்ததைக்கூட விடவில்லை. அம்மா மெல்ல எழுந்து நின்றார்.

"உப்புக்குப் பதிலா என்ன போட்டா?"

"காரம். ரெண்டு பங்கு."

"ஐயோ அண்ணாச்சி! உப்புல ஜலத்தைப் பிடிச்சு வெக்கறது எதுவோ, அதே சோடியம்தான் காரத்துலயும் இருக்கு!"

"நாக்குக்கு உப்பா இல்லியே அம்மா."

"நாக்குக்குத் தெரியாது. காலுக்குத் தெரியும்."

அடுப்படியிலே நிற்கிறவனுக்குக் குளிர் எடுக்குமா? எனக்கு எடுத்தது. அம்மா தானே போய் டாக்டரிடம் சொல்வதாகச் சொன்னார். நான் விடவில்லை. தோளில் கிடந்த துண்டோடு பெரிய டாக்டரின் அறைக்குப் போனேன். என் வேலை போனாலும் போகட்டும், அந்தப் பெண்ணின் அடுப்பு என்னால் அணையக் கூடாது.

"சார், டயட்டு மேல தப்பில்ல. நான் பப்படம் கொடுத்தேன்."

முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கத்தான் துடைத்தார் என்று பிறகு தெரிந்தது.

"கூட ஒரு ஆழ்ச்ச தரேன். பப்படம் இல்லாம. இனி ரகசியம் வெச்சா, அடுப்போட உம்மையும் சேத்து அணைச்சிடுவேன்."

கண்டக்டரிடம் போய்ச் சொன்னதும் அவர் ஒப்பாரி வைக்காத குறை. "எனக்கு இருந்த ஒரே சொந்தம் அதுதானே அண்ணாச்சி!" அவருக்காக வேறொன்று செய்தேன். அரிசிமாவில் சீரகம் போட்டு, வெறும் தண்ணீரில் பிசைந்து, காகிதம் போலத் தட்டி, எண்ணெய் இல்லாமல் கல்லில் மொறுமொறுவென்று சுட்டேன். இந்தத் தடவை முதலில் அம்மாவிடம் காட்டினேன். ஒடித்துத் தின்று பார்த்தார்.

"பேஷா இருக்கு. சாதத்துல ஒரு கரண்டி குறைச்சுடுங்கோ, இதுவும் அரிசிதானே."

கண்டக்டர் அதைச் சோற்றில் நொறுக்கினார். "சத்தம் ஓகே. சாமானம் வேற" என்றார். ஆனாலும் தட்டு காலியாகத்தான் வந்தது.

நான்காம் நாள் எடை இறங்கத் தொடங்கியது. வாரம் முடிவதற்குள் மனிதருக்குக் கணுக்கால் எலும்பு தெரிந்தது. செருப்பு மாட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தார். பெரிய டாக்டர் சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, அந்தத் தனி அடுப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எரியட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"அண்ணாச்சி, உப்புன்னு நாக்குக்கே தெரியாம ஒளிஞ்சிருக்கறது இன்னும் என்னென்ன இருக்கு? நேக்குப் புஸ்தகம்தான் தெரியும். இந்த ஊர் அடுக்களை உங்களுக்குத்தான் தெரியும்."

காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். சோடா போட்ட ஆப்பம், பேக்கரி ரொட்டி, பன், பிஸ்கட், மோரில் ஊறிய கொண்டாட்டம் என்கிற வற்றல், கடையில் விற்கும் சோடா என்று சொல்லிக்கொண்டே போனேன். பட்டம் வாங்கிய பெண் தலை நிமிராமல் எழுதினார். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் திருப்பினார்.

"கொஞ்சம் மெதுவா சொல்லுங்கோ அண்ணாச்சி" என்றார். எனக்கு எங்கே மெதுவாக வந்தது!