ஆளில்லாத அறைக்கு ஏசி

மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சொல்லி எங்கள் அலுவலகத்துக்கு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அக்கினி நட்சத்திரம் தொடங்கியிருந்த நேரம். கண்காணிப்பாளர் அதைப் படித்தார். படித்ததும் பொதுமக்கள் காத்திருக்கும் கூடத்தின் நான்கு மின்விசிறிகளுக்கும் ஃப்யூஸைப் பிடுங்கித் தன் மேசை இழுப்பறையில் பூட்டிக்கொண்டார். சேமிப்பு முடிந்தது.

நான் அங்கே அலுவலக உதவியாளர். காலை ஒன்பது மணிக்கு அதிகாரியின் அறையைத் திறந்து ஏசியைப் போடுவது என் வேலை. அவர் வருவது பதினொன்றரைக்கு. "அய்யா வர்றப்ப ரூமு ஜில்லுன்னு இருக்கணும்மா" என்பார் கண்காணிப்பாளர். அதுவரை அந்தக் குளிரை அனுபவித்தது ஒரு நாற்காலியும் அதன்மேல் விரித்த டர்க்கி டவலும்தான்.

ஒருநாள் வாரிசுச் சான்றுக்காகக் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பீங்கான் கம்பெனியில் சூளைக்குச் சாமான் அடுக்குகிறவள். கூடத்தில் முந்தானையால் விசிறிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "நெருப்புகிட்ட நிக்கிறவக்கா நானு. அங்ககூட ஒரு ஃபேன் வெச்சிருக்காங்க."

பத்தரை மணிக்கு அவள் சுவரோடு சரிந்தாள். நான் யாரையும் கேட்கவில்லை. கைத்தாங்கலாக அவளை அதிகாரி அறைக்குள் கொண்டுபோய்த் தரையில் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். காற்றுக்காக மற்றவர்களும் வாசலில் குவிந்ததால் கதவு திறந்தே கிடந்தது.

அன்றைக்கென்று அதிகாரி சீக்கிரம் வந்துவிட்டார். தரையில் கிடந்தவளைப் பார்த்தார். என்ன ஆச்சு என்று கேட்பார் என நினைத்த நான் ஒரு முட்டாள்.

"கதவ இப்டி தொறந்து போட்டா கரண்டு வீணாப்போவாதா?" என்றார்.

அந்தப் பெண் எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியேறினாள். நான் போய்க் கதவைச் சாத்தினேன். அதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

மறுநாள் நான் ஏசியைப் போடவில்லை. பதினொன்றரைக்கு வந்தவர் வியர்வையைத் துடைத்தபடி மணியடித்தார்.

"ஏம்மா ஏசி போடல?"

"ஆளில்லாத ரூமுல கரண்டு கூடாதுன்னு சர்க்குலர்ல போட்டிருக்குதுங்க அய்யா."

பக்கத்தில் நின்ற கண்காணிப்பாளரின் முகம் சுண்டிப்போனது. அந்த வாரமே என்னைப் பதிவறைக்கு மாற்றினார்கள். ஏசி போட வேறொருவரை நியமித்தார்கள். மேலிடத்து ஆய்வு நடந்த ஒரு நாள் மட்டும் கூடத்தில் நான்கு விசிறிகளும் சுழன்றன. சாயங்காலம் ஃப்யூஸ் மறுபடி மேசை இழுப்பறைக்குள் போனது. பெரிய படிப்புப் படித்த மூளைகள்!

அந்தப் பெண்ணுக்கு நாலாவது நடையில்தான் சான்று தயாரானது. அன்று அவள் வாசல் வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டனுப்பினாள்.

"நீங்களே வாங்கியாந்து குடுத்துடுங்கக்கா. அந்த ஆபீசுக்குள்ள நான் காலு வெக்க மாட்டேன்."

வாங்கிவந்து கொடுத்தேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கட்டடத்தை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் பஸ் பிடிக்கப் போனாள்.