மூங்கில் குருத்துக்குப் போனவள்

மகள்தான் பிடிவாதம் பிடித்தாள். எங்களை ரெண்டு நாள் காட்டுக்குக் கூட்டிப் போகணுமாம். மருமகனின் பெரியப்பா பெகு மலை அடிவாரத்தில் மூங்கில் வெட்டுகிறவர். வெட்டு இல்லாத மழை மாதத்தில் அவர் குடிசை சும்மாதான் கிடக்கும். சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்பலாம் என்றாள்.

எனக்கு ரங்கூனில் பேட்டரிக் கடை. கரண்டு வராத ஊரில் பேட்டரிக்காரன் கதவைச் சாத்தினால் திட்டுவார்கள். அதைச் சொன்னேன்.

"திட்டட்டும்ப்பா. அம்மா முகத்தைப் பாருங்க."

பார்த்தேன். இளைத்துத்தான் போயிருந்தாள். சர்க்கரை வந்ததிலிருந்து அப்படித்தான். சரி என்றேன்.

மருமகன் பர்மாக்காரப் பையன். ரங்கூனை ஒட்டின மிங்கலாடோனில் வேலை. நல்ல மாதிரி. என்னை அபே என்பான், அப்பா என்று அர்த்தம். அவன் நண்பனிடம் கார் வாங்கி வந்தான். ஏர்போர்ட்டைத் தாண்டி வடக்கே போனோம். வழியில் ரெண்டு இடத்தில் நிறுத்தி அடையாளக் கார்டு பார்த்தார்கள். அப்புறம் போன் செத்தது. கடைசி கிராமத்தில் காரை விட்டு, சேறு மிதித்து, ஓடை ஒன்றைத் தாண்டி நடந்தோம். பேரன் மகள் இடுப்பில். மூட்டை என் தலையில்.

குடிசை மூங்கில் கால் மேல் நின்றது. தரையும் மூங்கில், சுவரும் மூங்கில். விளக்கு இல்லை, ஆள் இல்லை. சுற்றி மூங்கில் தவிர ஒன்றும் இல்லை.

"இதுக்கா இவ்வளவு தூரம்" என்றேன்.

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க. மூச்சு விட இடம் இருக்கு பாருங்க" என்றாள் மனைவி.

அடுப்பு மூட்டி உலை வைத்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் வாசல் பக்கம் குருத்து முளைத்திருப்பதைப் பார்த்தாள். ரங்கூன் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறது இங்கே சும்மா நிற்கிறது. அவளால் தாங்க முடியுமா. கூடையையும் கத்தியையும் எடுத்தாள்.

"சோறு வேகறதுக்குள்ள வந்துடறேன்."

சோறு வெந்தது. வரவில்லை. மழை பிடித்தது. மகள் இறக்கி வடித்தாள். வரவில்லை.

"மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாமப் போயிட்டாங்கப்பா" என்றாள் மகள்.

எனக்குத் தெரியும். ஒரு தடவை கோயில் வரிசையில் அப்படித்தான் ஆனாள். மாத்திரை போட்டுச் சாப்பிடவில்லை. வேர்த்தது, பேச்சு குழறியது, சாய்ந்துவிட்டாள். அங்கே நூறு பேர் இருந்தார்கள். சர்பத் வாங்கிக் கொடுத்தார்கள். இங்கே யார் இருக்கிறார்கள்.

மருமகனை ஓடைப் பக்கம் அனுப்பினேன். மகளைக் குழந்தையோடு குடிசையிலேயே இருக்கச் சொன்னேன். அவள் சோற்றுப் பானை மூடியைக் கரண்டியால் தட்டிக்கொண்டே இருந்தாள். மழைச் சத்தத்தில் அது எத்தனை தூரம் போகும். நான் பனைவெல்லக் கட்டி ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தேன்.

வெட்டின குருத்தின் அடி வெள்ளையாகத் தெரிந்தது. அதைப் பார்த்துப் பார்த்துப் போனேன். ஒரு புதரில் ரெண்டு, அடுத்ததில் ஒன்று. ஆசை விடவில்லை அவளுக்கு. போய்க்கொண்டே இருந்திருக்கிறாள்.

"இந்தா" என்று கூப்பிட்டேன். நின்று கேட்டேன். "இந்தா." மழைதான். மேலே போனேன். அங்கேயும் ரெண்டு தடவை கூப்பிட்டேன். அதுக்கு மேல் கத்தி என்ன. காது கேட்டால் முதல் தடவையே வரணும். வீட்டிலும் அப்படித்தான். நான் அதிகம் கூப்பிடுகிறவன் இல்லை.

ஒரு இடத்தோடு வெட்டு நின்றுபோனது. அதுக்கு அப்பால் குருத்து முழுசாக நின்றது. யாரும் தொடவில்லை. அதையும் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். காலில் அட்டை ஏறியிருந்தது. பிடுங்கவில்லை. மழை விட்டது. இருட்டுகிற நேரம்.

வெட்டு நின்ற இடத்தில் நானும் நின்றேன். நான் பயப்படுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் பயந்தேன். அவள் இல்லாமல் ரங்கூனுக்குத் திரும்புகிற கார் எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை நினைத்து முடிக்கவில்லை.

அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். தாலி கட்டின நாளிலிருந்து சொன்னதில்லை. எங்கள் ஆட்களில் சொல்கிற வழக்கமும் இல்லை. இந்தா, இல்லாவிட்டால் இந்தா புள்ள. அவ்வளவுதான். என் வாயிலிருந்து வந்த பேர் எனக்கே வேறு யார் பேரோ மாதிரி இருந்தது. திரும்பவும் கூப்பிட்டேன். நிறுத்த முடியவில்லை. திரும்பத் திரும்பக் கத்தினேன்.

"இங்கதான் இருக்கேன். ஏன் இப்படிக் கத்துறீங்க."

காலடியிலிருந்து வந்தது குரல். புதருக்குப் பின்னால் ஒரு பள்ளம். அதுக்குள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் வீங்கியிருந்தது. கூடை மடியில். முகமெல்லாம் வேர்வை. மழைத் தண்ணி இல்லை, வேர்வை. நான் இறங்கி வெல்லத்தைக் கடித்து உடைத்து வாயில் வைத்தேன். மென்றாள். இன்னொரு துண்டு வைத்தேன். அவள் கை நடுக்கம் நிற்கிறவரை துண்டு துண்டாகக் கொடுத்தேன்.

அப்புறம் கேட்டேன். "நான் கூப்பிட்டது கேட்கலையா?"

"கேட்டுச்சு."

"எப்போ?"

"மொதல்லயே. சத்தம் இப்படிப் போச்சு, அப்படி வந்துச்சு."

"கேட்டுட்டுச் சும்மா இருந்தியா?"

"எங்க நின்னாலும் ரெண்டு தடவைதான கூப்பிட்டீங்க. காட்டுல ரெண்டு தடவை கூப்பிட்டு நிறுத்தினா அது மனுசன் இல்ல. மூணாவது தடவை கேட்டாத்தான் பதில் கொடுக்கணும். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததுதான். பேய்க்கு மூன்று தடவை கூப்பிட வராது. எனக்கு அந்த நேரம் ஞாபகம் இல்லை.

"வீட்டுலயும் ரெண்டு தடவைதான் கூப்பிடுறேன்."

"வீட்டுல எனக்குப் பழகிப்போச்சு."

"சரி, பேர் சொன்னேனே."

"அதைக் கேட்டதும்தான் ரொம்பப் பயந்தேன். நீங்க என்னிக்குப் பேர் சொல்லிருக்கீங்க. இது நிச்சயம் அதுதான்னு வாயப் பொத்திக்கிட்டேன். அப்புறம் மூணு, நாலு, அஞ்சுன்னு போச்சு. பேய்க்கு ஏது அவ்வளவு பொறுமை."

சிரித்தாள். பேச்சு குழறவில்லை. அதைக் கவனித்துக்கொண்டேன். அவள் பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

சத்தம் கேட்டு மருமகன் ஓடி வந்தான். அவளை முதுகில் தூக்கிக்கொண்டான். கூடையை விட மாட்டேன் என்றாள். அதை நான் சுமந்தேன். நடக்கையில் அவன் பர்மியில் கேட்டான்.

"அபே, யாரைக் கூப்பிட்டீங்க? புதுப் பேரா இருந்துச்சே."

"உங்க மாமியாரைத்தான்."

"அமேக்குப் பேர் இருக்கா? மூணு வருசமா இந்தான்னுதான் நினைச்சிட்டிருந்தேன்."

"நீ பாத்து நட. என்னைப் போட்டுறாத" என்றாள் முதுகில் இருந்தவள்.

குடிசை வாசலில் மகள் அழுதாள். அப்புறம் நடந்ததைக் கேட்டுத் திட்டினாள். அம்மாவை ஒரு பங்கு, என்னை ரெண்டு பங்கு. வாய் திறந்து மூணாவது தடவை கூப்பிட்டால் முத்தா உதிரும் என்று கேட்டாள். திட்டு வாங்க எல்லாரும் இருக்கிறோமே என்று இருந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அட்டைகளை உப்புப் போட்டு எடுத்தேன்.

சோறு ஆறிப்போயிருந்தது. மகள் கருவாட்டுக் குழம்பைச் சுட வைத்தாள். மனைவி காலை நீட்டிப் போட்டுச் சுவரில் சாய்ந்து சாப்பிட்டாள். முதல் தட்டை முடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கவளமும் உள்ளே போகிறதா என்று பார்த்தேன்.

"என்ன பார்க்கறீங்க. தட்டை எடுங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் பசி தெரிந்தது. தட்டை நீட்டினேன்.