ஏரிக்கரைக்கு ஒரு மணி நேர வெளிச்சம்

புரட்டாசியில் என் மனைவிக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டுப் புது மூட்டு வைத்தார்கள். தையல் பிரித்த அன்று மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். தினமும் மாலையில் நடக்க வேண்டும். பொங்கலுக்குள் கால் நன்றாக மடங்கப் பழகாவிட்டால் அப்புறம் அப்படியே விறைத்துவிடும். காலையில் மூட்டு இறுகிக் கிடக்கும், அப்போது வற்புறுத்த வேண்டாம், மாலைதான் சரி என்றார்.

வீட்டில் நாங்கள் இருவர்தான். திண்டிவனத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறோம். நடக்க ஏரிக்கரை நல்ல இடம். ஆனால் அங்கே போகிற வழியில் கால்வாய்க்கு மூடி இல்லை, தெருவிளக்கும் பாதி எரியாது. முதல் வாரத்திலேயே ஒரு நாள் இருட்டுகிற நேரத்தில் அவளைக் கூட்டிப்போனேன். கால்வாய் ஓரத்தில் தடுமாறினாள். விழவில்லை, என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். வெளிச்சம் போன பிறகு வாசற்படி இறங்க மாட்டேன் என்று அன்றே சொல்லிவிட்டாள். தனியாகவும் போக மாட்டாள்.

நான் விழுப்புரத்தில் மோட்டாரும் பைப்பும் விற்கும் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஒன்பது மணிக்குப் போனால் ஐந்து மணிக்கு இறங்கலாம். பஸ் பிடித்து வீடு வந்து சேர ஆறேகால் ஆகிவிடும். ஐப்பசி பிறந்தபின் அந்த நேரத்தில் ஏரிக்கரையில் எதிரே வருகிறவர் முகம் தெரியாது. ஐந்தேகாலுக்கு வீட்டில் இருந்தால் போதும். எனக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு மணி நேரம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் வழக்கம்போலப் போன் செய்தான். "மாமா, நேத்து ராத்திரி இங்க கடியாரத்த ஒரு மணி நேரம் பின்னால தள்ளிட்டாங்க. இனிமே நான் ஆபீஸ விட்டு வெளிய வந்தா கும்மிருட்டு" என்றான். ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறதுதான். இந்த முறை நான் விடாமல் கேட்டேன். கோடை வருமுன் கடிகாரத்தை முன்னால் தள்ளுவார்களாம். வேலை முடிந்த பின்னும் வெயில் இருக்கும். ஆட்கள் நடப்பார்கள், கடைக்குப் போவார்கள், பிள்ளைகள் விளையாடும். அது நல்லதுதான், ஆனால் மாற்றுகிற வாரம் உடம்பு கேட்காது, தூக்கம் கெட்டு ஆளாளுக்கு எரிந்து விழுவார்கள் என்றான். கறவை மாட்டுக்குக் கடிகாரம் தெரியாது என்று அங்கே விவசாயிகள் புலம்புவார்களாம். வேண்டாம் என்கிறவர்களும் வேண்டும் என்கிறவர்களும் வருடா வருடம் சண்டை போட்டுவிட்டு, வருடா வருடம் கடிகாரத்தைத் திருப்புகிறார்கள்.

நம் ஊருக்கு இது தேவையே இல்லை, நமக்கு நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது என்றும் சொன்னான். அது எனக்குத் தெரியும். சூரியன் எழுவதையும் மறைவதையும் காலண்டர் பார்த்து டைரியில் குறித்துவைக்கிற பழக்கம் உண்டு. இங்கே அந்த வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் நான் கேட்டது நாட்டுக்கு இல்லை. ஒரு முழங்காலுக்கு.

மறுநாள் முதலாளியிடம் போய் நின்றேன். எட்டு மணிக்கு வந்து நானே கடையைத் திறக்கிறேன், நான்கு மணிக்கு என்னை விடுங்கள் என்றேன். அவர் என்னைவிட வயதில் சிறியவர், கெட்ட மனசு கிடையாது. முதலில் சிரித்தார்.

"நீங்க மட்டும் அமெரிக்கா டைம்ல வேல பாக்கப் போறீங்களா சார்?"

நான் சிரிக்கவில்லை. மனைவியின் காலைப் பற்றிச் சொன்னேன். சாயங்காலம்தானே வியாபாரம், அந்த நேரத்தில் கணக்குக்கு ஆள் வேண்டாமா என்று கேட்டார். அதற்கும் யோசித்து வைத்திருந்தேன். பில் போடுகிறவர் உள்ளூர்க்காரர். காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஓடிவந்து தினமும் தாமதத்துக்குத் திட்டு வாங்குகிறவர். அவர் பத்து மணிக்கு வந்து ஆறு வரை இருக்கட்டும் என்றேன். பில் போடுகிறவர் அதற்குள் தலையை ஆட்டிவிட்டார். பொங்கல் வரைக்கும் பார்க்கலாம் என்று முதலாளி சாவியை என் கையில் கொடுத்தார்.

அடுத்தது வீடு. நகராட்சித் தண்ணீர் காலை ஆறரைக்கு வரும். நான் அப்போது பஸ் நிறுத்தத்தில் இருப்பேன். பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசி, அவர்கள் குழாயிலிருந்தே எங்கள் டிரம்முக்கு ஹோஸ் போட ஏற்பாடு செய்தேன். பால்காரர் அரை மணி முன்னால் வர முடியாது என்றார். காலைக் காபியைப் பஸ் நிலையத்துக்கு மாற்றிக்கொண்டேன். அமெரிக்காவில் ஒரு சட்டம் செய்கிற வேலையை நான் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டுச் செய்ய வேண்டியிருந்தது. ஊர் முழுக்கச் சேர்ந்து நகர்ந்தால் பஸ்ஸும் பாலும் தண்ணீரும் கூடவே நகரும். ஒரு வீடு மட்டும் நகர்ந்தால் எல்லாமே இடிக்கிறது.

இவ்வளவையும் சரிசெய்தவன் ஒரு வேண்டாத வேலையையும் செய்தேன். நான்கரைக்கு எழுந்திருக்க மனசு வரவில்லை. அதனால் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தேன். எழும்போது அது ஐந்தரை காட்டும், உடம்பு ஏமாந்துபோகும். மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். அவளும் சரி என்றாள்.

அந்தச் சனிக்கிழமை அவளுக்குப் பரிசோதனை. கால் எவ்வளவு மடங்குகிறது என்று மருத்துவர் பார்க்க வேண்டிய நாள். எனக்குக் கடை. மயிலத்திலிருந்து அவள் தங்கை துணைக்கு வந்திருந்தாள். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். மருத்துவர் பதினொரு மணிக்குத்தான் அறுவை சிகிச்சைக்குப் போவார், அதற்குள் போனால் போதும் என்பதால், ராகு காலம் கழித்துக் கிளம்பலாம் என்று இருவரும் பேசிவைத்திருக்கிறார்கள். மனைவி உள்ளே புடவை கட்டிக்கொண்டிருக்கும்போது தங்கை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள். "ராகு காலம் முடிஞ்சிடுச்சிக்கா, கெளம்பு" என்று ஆட்டோவையும் கூப்பிட்டுவிட்டாள். அவசரத்தில் மனைவிக்கும் நினைவு வரவில்லை.

மருத்துவமனைக் கடிகாரத்தில் மணி பத்துகூட ஆகவில்லை. நல்ல ராகு காலத்தில் வந்து இறங்கியிருக்கிறார்கள். வந்ததுதான் வந்தோம், உள்ளேயாவது நல்ல நேரத்தில் போவோம் என்று மனைவி வெளி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தங்கை கெஞ்சிப் பார்த்திருக்கிறாள். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டபோதும் எழவில்லை. பத்தரை தாண்டி உள்ளே போனால், அவசரமாக ஒரு எலும்பு முறிவு வந்து மருத்துவர் அறுவை அறைக்குப் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை வரச்சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதக் கெடுவில் ஒரு வாரம் யாரும் பார்க்காமலே போயிற்று.

அன்று மாலை ஐந்தேகாலுக்கு வந்து, நடக்கப் போகலாமா என்றேன். அவள் எழவில்லை.

"ஏங்க, கடியாரத்த தள்ளி வெச்சிங்களே, ராகு காலத்தையும் தள்ளி வெச்சிங்களா?"

தங்கை சமையலறையில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க அமெரிக்கா டைம நீங்க கையில கட்டிக்கினு போங்க, செவுத்துல மாட்டாதீங்க. அத நேரா வெச்சாதான் நான் நடப்பேன்."

நாற்காலி போட்டு ஏறிக் கடிகாரத்தைச் சரிசெய்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். அன்றைக்கு வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. கால்வாயைத் தாண்டி, கரை ஏறி, உடனே திரும்பினோம்.

அவள் சொன்னபடியே செய்தேன். கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டேன். அதில் ஐந்து ஆனதும், யார் என்ன சொன்னாலும் பேனாவை மூடிவிட்டு எழுந்துவிடுவேன். "அமெரிக்கா சாருக்குப் பொழுது சாஞ்சிடுச்சி" என்று பில் போடுகிறவர் தினமும் சொல்வார். மத்தியானம் சாப்பிட்டபின் கண் சொக்கியது. இரண்டு முறை கூட்டலில் தப்பு வந்தது, எனக்கு வராத தப்பு. இரவு எட்டரைக்குத் தூங்கிவிடுவதால் யாரோடும் பேச நேரமில்லை. அக்கா மகனின் அழைப்புகூடப் பாதியில் நின்றது. இதெல்லாம் தெரிந்தே கொடுத்த விலை. வாரத்தில் ஆறு நாளும் எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கினேன்.

அங்கே நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. மார்கழியில் சுற்றுக் கிராமங்களில் நிலக்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, போட்டிருந்தார்கள். விடியற்காலையில் மும்முனைக் கரண்ட் வரும்போது மோட்டார் போட்டு, அது ஓடாமல் போனவர்கள், இதற்கு முன்னெல்லாம் முதல் பஸ்ஸில் வந்து ஒன்பது மணி வரை பூட்டிய கடை முன் நின்றிருக்கிறார்கள் என்பதே எங்களுக்குத் தெரியாது. இப்போது எட்டு மணிக்கே வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். "மோட்டாருக்கு கண்டன்சர் ஒண்ணு ஜல்தியா குடுங்க சார், கரண்டு போறதுக்குள்ள தண்ணி விடணும்" என்று ஒருவர் வண்டியை அணைக்காமலே கேட்டார்.

பொங்கல் முடிந்தது. முதலாளி, இனி பழையபடி ஒன்பது மணிக்கே வாருங்கள் சார் என்றார். பகல் நீள ஆரம்பித்துவிட்டதே என்றும் சொன்னார். நீள்வது உண்மைதான், ஆனாலும் ஆறேகாலுக்கு வந்து நடக்கிற அளவுக்கு இன்னும் நீளவில்லை. எட்டு மணிக்கே திறக்கிறேன், நான்கு மணிக்கே இறங்குகிறேன் என்றேன். குரலை உயர்த்தவில்லை, சாவியையும் திருப்பிக் கொடுக்கவில்லை. பழைய நேரம் தனக்கும் ஆகாது என்று பில் போடுகிறவர் உள்ளேயிருந்து சொன்னார். முதலாளி, வாடிக்கையாளர்கள் வெளியே நிறுத்தியிருந்த மூன்று மோட்டார் சைக்கிள்களைப் பார்த்தார். பிறகு டீ சொல்லி அனுப்பினார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பொங்கல் கழிந்த அந்தச் சனிக்கிழமை, மனைவியும் அவள் தங்கையும் பத்தரைக்கு மேல் மருத்துவமனைக்குக் கிளம்பிப் போனார்கள். மருத்துவர் காலை மடக்கிப் பார்த்துவிட்டு, இனி விறைக்காது, ஆனால் நடையை விடாதீர்கள் என்றாராம். தங்கைதான் போனில் சொன்னாள்.

மாலை கரை ஏறும்போது வெயில் தண்ணீரின் மேல் சாய்ந்து கிடந்தது. மதகு வரைக்கும் போய்த் திரும்புவது எங்கள் வழக்கமாகியிருந்தது. அன்று திரும்பி வந்து கரை இறங்கும் இடத்தில் நான் கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. மேற்கே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் வெளிச்சம் கீதே. இருட்டறதுக்குள்ள இன்னொரு வாட்டி போய்க்கினு வந்துடலாம், வாங்க."

திரும்பி மதகை நோக்கி நடக்கத் தொடங்கினாள். நான் பின்னாலேயே போனேன்.