பையைத் திறந்து காட்டும் உபதேசியார்

அன்று என் மகளின் மந்திரக்கயிற்றைக் கிறிஸ்தவ உபதேசியாரிடம் ஏன் மறைத்தேன்? இன்னும் தெரியவில்லை.

அவசரகாலம் என்பதால், காட்டிலிருக்கும் கொரில்லாக்களுக்கு அரிசி போய்விடக்கூடாதென்று சுங்கை ரம்பாய் பக்கத்திலுள்ள எங்கள் ரப்பர் தோட்டத்து வேலிக் கதவில் தினமும் சோதனை. அந்தப் பழக்கத்தில், ஒல்லியான அந்த மனிதர் வீட்டு வாசல்களிலும் பையைத் திறந்து காட்டுவார்: வேதப்புத்தகம், மருந்துப் புட்டி, மாற்றுச் சட்டை.

காய்ச்சலில் கிடந்த குழந்தையின் கையில் பூசாரி கட்டிய கயிற்றைத் துணியால் மூடினேன்.

"என் பையைப் பாத்துட்டல்ல? இப்ப பாப்பா கையைக் காட்டும்மா," என்று சிரித்தார்.

அறுத்துவிடுவாரோ என்ற பயத்தோடு துணியை விலக்கினேன். "இறுக்கமா இருக்கு லா, தளர்த்திக் கட்டு. மருந்தை மட்டும் நிறுத்தாதே," என்றுவிட்டு ஜெபித்தார்.

காய்ச்சல் இறங்கிவிட்டது. கயிறுதான் காப்பாற்றியது என்கிறார் மாமியார். ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் மறுபடி வருகிறார். கயிற்றைப் பற்றி எதுவும் கேட்கமாட்டார்; அதுதான் எனக்குச் சங்கடம். அவிழ்த்துவிடவா, இருக்கட்டுமா? பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.