சரசுவின் கையும் உம்மே ஹானியின் ஜெல்லும்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைத் தாண்டி, புது வீடுகளுக்கு நடுவே ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. சரசு அங்கே நர்ஸாகச் சேர்ந்தபோது சுற்றிலும் வேர்க்கடலைக் கொல்லைதான். அவள் வராண்டாவில் நின்று ஒரு தரம் இருமினால் போதும், வயிற்றில் குறுக்கே கிடக்கும் பிள்ளை அலறியடித்துக்கொண்டு தலையைக் கீழே திருப்பிக்கொள்ளும் என்று ஊரில் பேச்சு. பிள்ளை திரும்பியதை நான் பார்த்ததில்லை. இருமலைக் கேட்டிருக்கிறேன். திரும்பியிருந்தால் ஆச்சரியமில்லை.

பிரசவம் பார்த்துப் பிள்ளையைக் கையில் ஏந்தியவளுக்குத் தாய்வீட்டார் ஒரு சேலை எடுத்துக் கொடுப்பது இந்தப் பக்கத்துப் பழக்கம். சரசுவின் பீரோவைத் திறந்தால் சேலைகள் சரிந்து ஆளையே மூடிவிடும். அவள் புருஷன் பலராமன் ஒரு நாள் காலையில் அதற்குள் சிக்கி, சாப்பாட்டு நேரத்துக்குத்தான் அகப்பட்டார். சேலைகூடப் பெரிதில்லை. "சரசக்கா கை பட்டாதான் எங்களுக்கு தைரியம்" என்று சொல்லிக்கொண்டு வருவார்களே, அதைக் கேட்டுத்தான் அவள் உடம்பு பூரித்தது.

அந்த நேரம் பார்த்து உம்மே ஹானி வேலைக்கு வந்தாள். சின்னப் பெண். பெரிய ஆஸ்பத்திரியில் படித்தவள். எவ்வளவு ரத்தமும் தண்ணீரும் தெறித்தாலும் அவள் தலைத்துணியில் ஒரு மடிப்புக் கலையாது. சரசுவுக்கு முதலில் பிடிக்காமல் போனது அந்தத் தலைத்துணிதான். இரண்டாவது, ஜெல்.

பிரசவத்துக்கென்றே கிருமி நீக்கி, உறை போட்டு வருகிற வழுவழுப்பான ஜெல் அது. குழந்தையின் தலை இறங்கும் நேரத்தில் பாதையில் தடவினால் உராய்வு குறையும். வரவழைத்தது டாக்டர் கவிநிலா. யாருக்குப் போடலாம் என்று சொல்வதும் அவர்தான். போடுகிற கை மட்டும் ஹானியுடையது. ஆனால் வார்டில் பேர் தட்டிக்கொண்டு போனது அந்தக் கை.

"அந்த ஜெல் போடுற அக்கா இன்னிக்கி வரலீங்களா?" என்று ஒருத்தி கேட்டுவிட்டாள்.

"ஏம்மா, நான் இன்னா இங்க சுண்ணாம்பு அடிக்க வந்தேனா?" என்றாள் சரசு.

ஹானி ஓடி வந்து சமாதானம் சொன்னாள். "இது மந்திரம் ஒண்ணும் இல்லக்கா. சிலருக்கு முக்குற நேரம் கம்மியாவும், கிழியறது கம்மியாவும். எல்லாருக்கும் அப்படின்னு சொல்ல முடியாது."

பெருமையடித்தாலாவது திட்டித் தீர்க்கலாம். அடக்கமாகப் பேசுகிறவளை என்ன செய்வது? சரசு அன்று மத்தியானச் சோற்றைப் பாதியிலேயே மூடி வைத்தாள்.

அடுத்த இடி வீட்டுக்குள்ளேயே விழுந்தது. மருமகள் சிந்துஜாவுக்கு மாதம் நெருங்கியிருந்தது. வளைகாப்பு முடிந்து அடி அண்ணாமலையில் தாய்வீட்டில் இருந்தாள். ஊரார் பிள்ளையையெல்லாம் எடுத்தவள், தன் வீட்டுப் பிள்ளையைத் தானே எடுக்க வேண்டும் என்று கல்யாணத்தன்றைக்கே முடிவு செய்துவிட்டாள் சரசு. மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற மகன் செழியனிடம் சொல்லியும் வைத்தாள். சிந்துஜாவோ போனில், "அத்தை, கோச்சுக்காதீங்க, ஹானி அக்கா டூட்டில இருக்கிற நாளா அமைஞ்சா நல்லா இருக்கும்" என்றாள்.

"அமையும் அமையும்" என்று சரசு போனை வைத்தாள். உள்ளே எரிந்த எரிச்சலில் கார்த்திகைக்கு மலை உச்சியில் ஒரு தீபம் ஏற்றியிருக்கலாம், நெய் மிச்சம்.

டாக்டர் சொல்லியிருந்தபடியே, கிரிவலக் கூட்டம் திரளும் பௌர்ணமியன்று வலி கண்டது. முந்தின நாளே சரசு, "கூட்டத்துல எப்படி வருவ, லீவு எடுத்துக்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று ஹானியைத் தேனொழுகப் பேசி வீட்டில் நிறுத்தியிருந்தாள். அது போதாதென்று காலையில் வந்ததும் ஜெல் பெட்டியை எடுத்துத் தன் டிபன் பையில், எலுமிச்சை சாதத்துக்கு அடியில் சொருகினாள்.

ரோடுகளை அடைக்கும் முன்பே சிந்துஜாவைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். மத்தியானம் தாண்டியது. பரிசோதித்துப் பார்த்த டாக்டர், "இன்னும் நேரம் இருக்கு. ஜெல் எடுத்து வச்சிடுங்க சரசம்மா" என்றார்.

"தீந்துபோச்சு போலங்க மேடம்."

"நேத்துதானே புது பெட்டி வந்துச்சு?"

சரசு கையுறையை மாட்டினாள். கிழிந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் கிழிந்தது. எத்தனையோ பிள்ளைகளை அலுங்காமல் ஏந்திய விரல்களுக்கு அன்று ஒரு கையுறை அடங்கவில்லை.

"அத்தை... ஹானி அக்காவ கூப்புடுங்க அத்தை... உங்கள கும்பிட்டுக் கேக்கறேன்" என்று கட்டிலில் கதறினாள் சிந்துஜா.

சரசு தன் கையைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். வெளியே போய்ப் போனை எடுத்தாள்.

"எங்க கீற? கிளம்பி வா."

"ரோடெல்லாம் அடைச்சிருக்காங்களேக்கா. ஆட்டோ வராது. சரி, நடந்தே வந்துடறேன். ஜெல் இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு. நீ வா மொதல்ல."

டிபன் பையிலிருந்து பெட்டி வெளியே வந்தபோது மேலே ஒரு கறிவேப்பிலை ஒட்டியிருந்தது. டாக்டர் அதைக் கிள்ளி எடுத்துப் போட்டார். "உள்ள உறை எதுவும் பிரியல. நல்லது" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் சரசுவுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கிரிவலத்துக்கு ஊருக்குள் போகும் கூட்டத்தை எதிர்நீச்சல் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள் ஹானி. அந்தக் கூட்டத்தில் மயங்கி விழ நினைத்தாலும் விழ இடமிருக்காது. யாரோ திணித்த சுண்டல் பொட்டலம் கையில் இருந்தது. தலைத்துணியில் அப்போதும் மடிப்புக் கலையவில்லை. சரசு அதையும் கவனித்தாள்.

ஹானி கைகழுவி வந்தாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து சரசு நிற்காத இடம் கட்டிலின் தலைமாடு. இன்று அங்கே நின்றாள்.

"முக்குடி கண்ணு!" என்றாள் சரசு.

"இப்ப முக்க வேணாம் சிந்து, வாயால ஊது... ஊது... அவ்ளோதான்." ஹானியின் விரல்கள் ஜெல்லோடு மெதுவாக நகர்ந்தன. அவசரமே இல்லை. நாமும் இப்படித்தானே செய்வோம் என்று சரசு நினைத்தாள். அதுதான் இன்னும் வலித்தது. சிந்துஜாவின் நகம் அவள் மணிக்கட்டில் பதிந்தது.

தலை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பிறகு தோள், பிறகு அழுகை.

"பேத்திக்கா!" என்றாள் ஹானி.

வராண்டாவில் செழியன் பல்லெல்லாம் தெரியக் கேட்டான். "யாரும்மா எடுத்தது? நீதானே?"

"ஹானி." அந்தப் பெயரை வெளியே தள்ளச் சரசு பட்ட பாடு, சிந்துஜா பட்டதில் பாதியாவது இருக்கும்.

சம்பந்தியம்மா மறுவாரமே வந்தாள். "ஹானிக்குச் சேலை எடுக்கணும் அண்ணி. சேலைன்னா உங்களைவிட யாருக்குத் தெரியும்? நீங்களே பாத்து எடுங்க."

தேரடித் தெருக் கடையில் கருநீலத்தில் ஒன்று சரசுவைப் பார்த்துக் கண்ணடித்தது. அதைத் தள்ளி வைத்தாள். கடை திறந்த நாளிலிருந்து யாரும் தொடாமல் அடியில் கிடந்த ஒரு பழுப்புச் சேலையைத் தேடி எடுத்தாள். கடைக்காரர் நம்பிக்கையில்லாமல் இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் கட்டிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, ஹானி அதைக் கட்டிக்கொண்டு வார்டுக்குள் வந்தாள். அந்தப் பழுப்பு அவள் மேல் சந்தன மரம் மாதிரி மின்னியது. தையல் போட்டுப் படுத்திருந்தவள்கூட எழுந்து உட்கார்ந்து, "எங்கக்கா எடுத்தீங்க?" என்றாள்.

"எல்லாம் நம்ம சரசக்கா செலக்‌ஷன்!"

மறுநாள் கடை திறக்கும் முன்பே சரசு வாசலில் நின்றாள்.

"அதே மாதிரி இன்னொண்ணு இருக்குங்களா?"

"இல்லீங்கம்மா. அது ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு."